விளிம்பு வரிசை

ஹோசியத் இறந்த நாற்பதாம் நாள் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். சோற்றில் குறை இல்லை. காரட்டும் ஆட்டிறைச்சியும் தாராளமாகவே போட்டிருந்தார்கள். தொண்டையில் இறங்காமல் நின்றது பேச்சுதான். எங்கள் கேபிள் தொழிற்சாலையின் பழைய இயக்குநர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நாப்பது வருஷம் நம்மகிட்ட வேலை பாத்த பொண்ணு. ஒரு எண்ணு, ஒரே ஒரு எண்ணு தப்பாப் போட்டதுண்டா? சொல்லுங்க பாப்போம்!"

இல்லவே இல்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். இந்த விஷயத்தில் பொய் எனக்குப் புதிதில்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேட்டபோதும் இதே பொய்யைத்தான் சொன்னேன்.

அப்போது எங்கள் உஸ்பெக் ஊரான கோகந்தில், தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் கணக்கறை என்று ஒன்று இருந்தது. ஜன்னலோரமாக வரிசையாக நான்கு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் கைப்பிடி வைத்த ஓர் இரும்புக் கணக்குப் பெட்டி. முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். நான்கும் ஒன்றாகச் சுற்றும்போது மாவு மில்லுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். முதல் மேசை என்னுடையது. இரண்டாவது ஹோசியத், மூன்றாவது ரைசா, நான்காவது கலீனா. எங்கள் தலைவர் இலியா மார்கோவிச். போர்க்காலத்தில் இங்கே வந்து சேர்ந்து, எங்கள் முலாம்பழத்தில் மயங்கித் திரும்பிப் போகாதவர். பக்கத்து அறையில் கதவைத் திறந்தே வைத்து உட்கார்ந்திருப்பார்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. தரைக்கடியில் போகும் கேபிளைக் குறுக்கே அறுத்தால் உள்ளே மூன்று செம்புத் துண்டுகள் தெரியும். வட்ட ரொட்டியை மூன்றாகப் பிய்த்து வைத்தது போல, மூலைகள் உள்ள துண்டுகள். அவற்றைச் சுற்றி எண்ணெயில் ஊறிய காகிதம், எல்லாவற்றுக்கும் வெளியே ஈய உறை. இந்தக் கேபிள் எவ்வளவு மின்சாரத்தைத் தனக்குள்ளே தேக்கிக்கொள்ளும், எந்த மூலையில் காகிதத்தை அதிகமாக நெரிக்கும் என்று செய்வதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். செம்பு உருண்டையாக இருந்தால் ஒரே சூத்திரத்தில் விடை வந்துவிடும். இந்த வடிவத்துக்குச் சூத்திரம் கிடையாது. ஆகவே வெட்டுமுகத்தை ஒரு மேசை அளவுக்குப் பெரிதாக வரைந்து, மேலே கட்டம் போட்டுவிடுவோம். ஒரு செம்புக்கு மின்னழுத்தம் ஆயிரம் என்று வைப்போம். மற்ற இரண்டுக்கும் ஈயத்துக்கும் பூஜ்யம். நடுவே காகிதத்தில் விழும் ஒவ்வொரு புள்ளிக்கும் முதலில் மனதுக்குத் தோன்றிய ஓர் எண். பிறகு வரிசையாக, மேலே கீழே இடம் வலம் என நான்கு அண்டைப் புள்ளிகளையும் கூட்டி, நாலால் வகுத்து, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். கடைசிப் புள்ளி வந்ததும் மறுபடி முதல் புள்ளி. எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதேதான். பைத்தியம் பிடிக்கும் வேலை என்பார்கள். எங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டே செய்தோம்.

படத்தை நான்கு பட்டையாக வெட்டி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். என் பட்டையின் கடைசி வரிசைக்கு அண்டைப் புள்ளி ஹோசியத்தின் பட்டையில் இருக்கும். அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓரத்து எண்களைப் பக்கத்து மேசைக்கு உரக்க வாசிக்க வேண்டும். விளிம்பு வாசிப்பது என்போம். நான் ஹோசியத்துக்கு, அவள் எனக்கு. அவள் ரைசாவுக்கு, ரைசா அவளுக்கு. இலியா மார்கோவிச் எங்கள் தாள்களைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். குரல் வந்தால் கணக்கு நடக்கிறது என்று அர்த்தம்.

ஹோசியத்தும் ரைசாவும் வாசிப்பதைக் கேட்க நன்றாக இருக்கும். ஹோசியத் உஸ்பெக் இனம், ரைசா தாத்தார் இனம். இருவர் வீடும் ஒரே தெருவில். ஹோசியத் வீட்டிலிருந்து ரைசா வீட்டுக்கு நீலக் கிண்ணத்தில் ஏதாவது போகும், அங்கிருந்து வேறேதாவது நிரம்பித் திரும்பும். எங்கள் ஊரில் யாரும் கிண்ணத்தைக் காலியாகத் திருப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு பிடி உலர்ந்த திராட்சையாவது போட்டு, துணியால் மூடித்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவர் கொடுத்தவர் முன்னால் துணியை விலக்கிப் பார்க்கக் கூடாது.

"முன்னூத்தி நாப்பது, முன்னூத்தி அறுபத்தொண்ணு... ஏண்டி, நேத்து உங்கம்மா குடுத்த சம்சால உப்பே இல்ல" என்பாள் ஹோசியத்.

"எண்ணச் சொல்லுடி மொதல்ல. உப்ப அப்புறம் அளப்போம்."

அந்த வருஷம் தாஷ்கண்டில் மாலை நேரப் பொறியியல் படிப்புக்கு எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒருவரை அனுப்புவதாக இருந்தது. கணக்கறையிலிருந்து ஒருத்திதான். எல்லோருக்கும் தெரியும், அது ரைசா. எண் எங்கே பிசகும் என்று சுற்றும் முன்பே சொல்லிவிடுவாள். ஹோசியத்துக்கு அதில் பொறாமை இருந்ததா? இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது எனக்குத் தெரியவில்லை.

சண்டை வேறு இடத்திலிருந்து வந்தது. ஹோசியத்தின் தம்பி சோபிருக்கு ரைசாவின் தங்கையைப் பெண் கேட்டுப் போனார்கள். பெண் வீட்டார் ரொட்டியைப் பிட்டால் சம்மதம். பிட்கவில்லை. கொண்டுபோன ரொட்டி முழுசாக, அதே துணியில் திரும்பி வந்தது. மறுநாள் காலை ஹோசியத் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க ரொட்டியில விஷமா தடவியிருந்தோம்?"

ரைசா பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. "ரொட்டி நல்ல ரொட்டிதான். உன் தம்பி சாயங்காலம் ஆனா நேரா நிக்க மாட்டேங்கறான். என் தங்கச்சிய நான் எப்படிடி குடுக்கச் சொல்வேன்?"

"உங்கப்பா குடிக்கலையா?"

"குடிச்சாரு. அதனாலதான் சொல்றேன்."

சோபிர் குடித்தான், தெருவுக்கே தெரியும். உண்மை என்பதால்தான் ஹோசியத்துக்கு அவ்வளவு வலித்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. நானும் கலீனாவும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கேபிள் கணக்கிலோ ஒரு சுற்றுதான் முடிந்திருந்தது. புதிய கேபிள், முன்பைவிட அதிக மின்னழுத்தம், காகிதத்தை எவ்வளவு கனமாகச் சுற்றுவது என்பதை எங்கள் விடையை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.

மூன்றாம் மேசையிலிருந்து இரண்டாம் மேசைக்கு வாசிக்கும் குரல் கேட்கவில்லை. ரைசா தன் விளிம்பு எண்களைச் சின்னச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஜன்னல் கட்டையில் மைப்புட்டிக்கு அடியில் வைத்தாள். ஹோசியத்தும் தன் சீட்டை அங்கேயே வைத்தாள். ரைசா கையை நீட்டி ஹோசியத்தின் சீட்டை எடுத்து எண்களைத் தன் தாளில் ஏற்றிக்கொண்டாள். ரைசாவின் சீட்டு மைப்புட்டிக்கு அடியிலேயே கிடந்தது. கோகந்த் காற்று எப்படிப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னல் இடுக்கில் நுழைந்து அந்தச் சீட்டை நாள் முழுக்கப் படபடக்க வைத்தது. ஹோசியத் தலையைத் திருப்பவில்லை. அண்டை எண் இல்லாமல் ஓரத்துப் புள்ளியைக் கணக்கிட முடியாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? முதல் சுற்றில் ரைசா வாசித்திருந்த எண்களை எடுத்து, இப்படித்தான் போகும் என்று கண்ணாலேயே இழுத்து, ஓரத்தில் ஒரு வரிசையை அவளாகவே போட்டுக்கொண்டாள். பார்வைக்கு அழகாக வழவழவென்று போன வரிசை. ஆனால் செம்பின் மூலை ரைசாவின் பக்கம் இருந்தது, அங்கே எண்கள் வழவழவென்று போவதில்லை.

இதை நான் பார்த்தேன். என் மேசையிலிருந்து ஜன்னல் கட்டை இரண்டு எட்டு. எழுந்து போய் அந்தச் சீட்டை எடுத்து ஹோசியத்தின் தாளின்மேல் போட்டிருந்தால் போதும். இரண்டு பேர் சண்டையில் நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் மணி அடித்ததும் ரைசா மைப்புட்டியைத் தூக்கி, எடுக்கப்படாத சீட்டுகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போவாள். மறுநாள் புதிய சீட்டு. ஒன்பது நாள், பதினேழு சுற்று. நானும் ஹோசியத்தும் ஒரு பக்கம் வாசித்தோம், ரைசாவும் கலீனாவும் மறுபக்கம் வாசித்தார்கள். அறையில் குரல் இருந்தது, இலியா மார்கோவிச்சின் காதுக்கு அது போதுமாக இருந்தது.

ஹோசியத்தின் கற்பனை வரிசையிலிருந்து பிறந்த எண்கள் சீட்டு வழியாக ரைசாவின் பட்டைக்குள் போயின. ரைசா ஒழுங்காகத்தான் கூட்டினாள், ஒழுங்காகத்தான் வகுத்தாள். தப்பான எண்ணை எவ்வளவு ஒழுங்காக வகுத்தால் என்ன? மூலையில் நெரிப்பு குறைவு என்று விடை வந்தது. அந்த மூலை ரைசாவின் தாளில். அடியில் அவள் கையெழுத்து.

முதல் சுருள் கேபிளைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்துச் சோதித்தபோது ஆறாவது நிமிடத்தில் வெடித்தது. ஈயத்தை உரித்துப் பார்த்தார்கள். காகிதத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கருகல், சரியாகச் செம்பின் மூலையில். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தாள்களை விரித்துப் போட்டு, எங்களை ஒன்றாக உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

"ஓரத்து எண்களை ஒவ்வொரு சுத்துக்கும் மாத்திக்கிட்டீங்களா?"

முதலில் என்னைக் கேட்டார்கள். "ஆமா" என்றேன். என்னைப் பொறுத்தவரை உண்மை, நானும் ஹோசியத்தும் மாற்றிக்கொண்டோம்தானே. "எல்லாரும் மாத்திக்கிட்டாங்களா?" என்று மறுபடி கேட்டார்கள். அதற்கும் "ஆமா" என்றேன்.

ஹோசியத்தைக் கேட்டார்கள். கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே "மாத்திக்கிட்டோம்" என்றாள்.

ரைசாவைக் கேட்டபோது அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. ஹோசியத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் எனக்கு நேரெதிரே இருந்ததால் எவ்வளவு நேரம் என்று தெரியும், முழுசாக ஒரு நிமிடம். ஹோசியத் தலை நிமிரவில்லை.

"நான் என் பங்க எழுதி வெச்சேன்" என்றாள் ரைசா.

"அதக் கேக்கலம்மா. மாத்திக்கிட்டீங்களா இல்லையா?"

"எழுதி வெச்சேன்."

மழுப்புகிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். அவளைக் காகிதம் வெட்டும் பகுதிக்கு அனுப்பினார்கள். தாஷ்கண்டுக்கு ஹோசியத் போனாள்.

திரும்பி வந்து பொறியாளர் ஆனாள், இலியா மார்கோவிச் போன பிறகு கணக்கறைக்கே தலைவி ஆனாள். எந்த அகலத்தில் காகிதம் வெட்ட வேண்டும் என்று அவள் கையெழுத்துப் போட்ட உத்தரவு கீழே போகும், கீழே ரைசா அந்த அகலத்தில் வெட்டிக் கொடுப்பாள். இருபத்திநாலு வருஷம் இப்படி. வாசலில் எதிரே வந்தால் இருவரும் சலாம் சொல்லிக்கொள்வார்கள். நீலக் கிண்ணம் மட்டும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஹோசியத் கெட்டவள் என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்மாடிப் பெண்களுக்கு யாராவது கெடுதல் செய்தால் இயக்குநரின் அறைக் கதவை உதைத்துக்கொண்டு போவாள். எந்தக் கணக்கானாலும் மூன்று முறை சரிபார்ப்பாள். விளிம்பில் யார் யாரிடம் எண் வாங்கினார்கள் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்ததும் அவள்தான். எங்கிருந்து வந்த விதி என்று எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு கணிப்பொறி வந்தது. ஓர் அறை நிறைய நின்ற அலமாரிகள். வெட்டுமுகத்தைக் கட்டமாகப் பிரிக்காமல் முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் புதிய முறை. சோதித்துப் பார்க்க ஏதாவது பழைய கேபிள் வேண்டும் என்று இளம் பொறியாளர் ஒருவர் கேட்டார். யாரோ அந்த வெடித்த கேபிளைச் சொன்னார்கள். நாங்கள் நாலு பேர் பத்து நாள் சுற்றிய கணக்கைப் பதினோரு நிமிடத்தில் அடித்துக் கொடுத்தது. ஹோசியத் அந்த நீளத் தாளைக் கையில் வாங்கி, மூலைக்குப் பக்கத்து வரிசையில் விரலை ஓட்டினாள்.

"மிஷின் சரியாத்தான் போடுது" என்றாள். மூலையில் நெரிப்பு எங்கள் விடையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கால்வாய்ப் பாலத்தில் நின்றுகொண்டு என்னிடம் எல்லாம் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரிஞ்சா ஏண்டி இவ்ளோ நாள் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இருவரும் பாலத்திலேயே கொஞ்ச நேரம் அழுதோம். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ரைசா வீட்டுக்குப் போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று பதின்மூன்று வருஷம் போயிற்று. இதை எழுதும்போது கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஹோசியத் ஓய்வு பெறும் வருஷத்து வசந்தத்தில், தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து முளைகட்டிய கோதுமையில் சுமலாக் களி கிண்டினோம். ஹோசியத் நீலக் கிண்ணத்தில் வழிய வழிய எடுத்து, துணி மூடி, என் கையைப் பிடித்தாள்.

"தனியா போக பயமா இருக்கு. வா."

ரைசா கதவைத் திறந்தாள். புருஷன் போய் இரண்டு வருஷம். காகிதம் வெட்டி வெட்டி விரல் நுனிகள் மழுங்கி வழவழவென்று ஆகியிருந்தன. கிண்ணத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "வாங்க, வாங்க" என்று உள்ளே அழைத்து உட்கார வைத்தாள், தேநீர் ஊற்றினாள்.

"இனோபத், உனக்குச் சர்க்கர ரெண்டு கட்டிதான?"

முப்பது வருஷம் ஆகியும் மறக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

ஹோசியத் தேநீர்க் கிண்ணத்தைத் தொடாமலே ஆரம்பித்தாள். "ரைசா, அந்தக் கணக்கு... உன் தப்பு இல்ல. என் தப்பு. உன் சீட்ட நான் எடுக்கவே இல்ல. நானா ஒரு வரிசையப் போட்டுக்கிட்டேன். அவங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன். தாஷ்கண்டுக்கு உன் எடத்துலதான் போனேன்."

எல்லாம் சொல்லிவிட்டாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நானும் சொல்லியிருக்கலாம், அந்த மூன்று பேர் முதலில் கேட்டது என்னைத்தான் என்று. சர்க்கரைக் கட்டியைக் கலக்கிக்கொண்டு இருந்தேன்.

ரைசா ஹோசியத்தின் ஆறிப்போன தேநீரைக் கொட்டினாள். பிறகு அவள் கிண்ணத்தில் புதிதாக ஊற்றினாள்.

"விடுடி, பழைய கத. என் மேலயும் தப்பு இருக்கு. எழுதி வெச்சேனே ஒழிய வாயத் தொறந்து வாசிக்கல. என் வீம்பு எனக்கு."

"நீ வாசிச்சிருந்தாலும் நான் காத மூடியிருப்பேன்."

ரைசா சிரித்தாள். "மூடியிருப்ப. கழுத மாதிரி பிடிவாதம் உனக்கு."

ஹோசியத்தும் சிரித்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். சோபிர் குடியை விட்டதையும் மறுபடி பிடித்ததையும் பேசினார்கள். தங்கைக்கு மூன்று பேரப்பிள்ளைகள் என்றாள் ரைசா. நாங்கள் எழுந்தபோது அவள் சமையல்கட்டுக்குப் போய்ச் சுமலாக்கை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டாள், கிண்ணத்தைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளறைப் பெட்டி திறக்கும் சத்தம். துணி மூடிய கிண்ணத்தைக் கொண்டுவந்து ஹோசியத்தின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

தெரு முழுக்க ஹோசியத் பேசிக்கொண்டே வந்தாள். இருபது வயது குறைந்துபோன மாதிரி நடந்தாள்.

"மன்னிச்சுட்டா பாத்தியா? கழுதன்னு திட்டினா பாத்தியா? பழைய ரைசாதான்! கிண்ணம் கனமே இல்ல, உலர்ந்த பாதாமி போட்டிருப்பா. எனக்குப் பிடிக்கும்னு தெரியும்."

வீட்டுக்கு வந்து விரிப்பில் உட்கார்ந்து துணியை விலக்கினாள். உள்ளே சீட்டுகள். மஞ்சளாகிப்போன சின்னச் சின்னச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் தேதி, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு எண்கள், ரைசாவின் நிமிர்ந்த கையெழுத்தில். நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். பதினேழு.

ஹோசியத் நூலை அவிழ்த்து அவற்றைத் தேதி வரிசையாக அடுக்கினாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து கணிப்பொறித் தாளை எடுத்து வந்து பக்கத்தில் விரித்தாள். எந்தச் சீட்டை அந்த மூன்று பேர் முன்னால் வைத்திருந்தாலும் ரைசா தப்பித்திருப்பாள். வைக்கவில்லை. ஹோசியத் வாயைத் திறப்பாள் என்று அந்த ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சீட்டின் நடுவில் ஓர் எண்ணில் ஹோசியத்தின் விரல் நின்றது. அவள் போட்டிருந்த வழவழப்பான வரிசை அவளுக்கு இன்னும் மனப்பாடம்.

"நான் இங்க முன்னூத்தி நாப்பது போட்டேன்" என்றாள். "அவ நானூத்தி பன்னெண்டு எழுதியிருக்கா. மொத நாளே. ஒரு தடவ கைய நீட்டியிருந்தாப் போதும் இனோபத். ஒரே ஒரு சீட்டு போதும். மீதி பதினாறும் தேவையே இல்ல."

அதற்குப் பிறகு அவள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். ரைசா வீட்டுக்கு மறுபடி போகவில்லை, ரைசாவும் வரவில்லை. நேற்று நாற்பதாம் நாளுக்காக வீட்டை ஒழித்தபோது அவள் மகள் நீலக் கிண்ணத்தை எனக்கென்று கொடுத்தாள். உள்ளே சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. யாருக்கு எதைப் போட்டுத் திருப்புவது என்று தெரியாமல் மேசைமேல் வைத்திருக்கிறேன்.